ஆறு நிமிஷத்தில் இரட்டைப் பின்னல்

சுரேந்தரின் பைக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் தலை எட்டிப் பார்த்தது. சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் "ஐயோ!" என்று எழுந்து அடுத்த பெட்டிக்கே ஓடிவிட்டார்.

"பொம்மைத் தலைங்க! லிட்டில் இந்தியா சலூன்ல கேட்டு வாங்கினது, பழகறதுக்கு!" என்று இவன் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

புக்கிட் பாத்தோக்கில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருந்த சமூக சேவை அறையில் பாக்கியலட்சுமி அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். பக்கத்தில் ஃபாரமும் பேனாவுமாகக் குழந்தைகள் நல அதிகாரி அஃப்ரீன்.

சுரேந்தர் ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டர். நாலு வருஷத்துக்கு முன் மனைவி இறந்த துக்கத்தில் குடியில் விழுந்தான். மகள் வைஷாலியை ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விட வேண்டியதாயிற்று. இப்போது குடியை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. சமையல், துணி துவைப்பது, வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பது என்று எல்லாவற்றிலும் ஒருவழியாகத் தேறிவிட்டான். இன்று கடைசிப் பாடம், தலை பின்னுவது. இதிலும் தேறினால் எட்டு வயது மகள் அவனோடு வந்துவிடுவாள்.

"ஸ்கூல் பஸ் நிக்காது, தம்பி. உங்களுக்கு ஆறு நிமிஷம்தான். ஆரம்பிங்க!" என்றார் அக்கா.

இரும்பை ஒட்டவைக்கும் கைகள் மூன்று கால் பின்னலில் திண்டாடின.

"வகிடா இது? பிஐஇ ரோடுகூட இதைவிட நேரா போகும் லா!"

"இரும்புன்னா ஒட்ட வெச்சிடுவேன் அக்கா. முடி வழுக்குதே!"

"எண்ணெயை இப்படி ஊத்தினா வழுக்காம? பின்னப் போறீங்களா, பஜ்ஜி போடப் போறீங்களா?"

அஃப்ரீன் ஃபாரத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வைஷாலிக்கு இடது காதுக்குப் பின்னாடி ஒரு சுழி இருக்கு" என்றார் அக்கா. "அங்க சீப்பு மாட்டினா வலிக்கும். அழ மாட்டா, தோளை மட்டும் தூக்குவா. அதைப் பார்த்து நிறுத்தணும், புரியுதா?"

பொம்மைக்கு ஏது சுழி? ஆனாலும் சுரேந்தர் அந்த இடத்தில் சீப்பை மெதுவாக ஓட்டினான். பெற்றவனுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று இன்னொரு தடவையும் ஓட்டிப் பார்த்தான்.

முதல் தடவை ஒன்பது நிமிஷம். இரண்டாவது ஏழு, ஆனால் ஒரு பின்னல் வானத்தைப் பார்த்தது. "மறுபடியும்!" என்றார் அக்கா. சரியான ராட்சசி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் அவிழ்த்தான்.

மூன்றாவது தடவை ரிப்பனைக் கட்டிவிட்டுக் கையைத் தூக்கினான். ஐந்து நிமிஷம், ஐம்பது விநாடி!

அக்கா பின்னலைப் பிடித்து ஓர் இழு இழுத்தார். அவிழவில்லை. தலையை அப்படியும் இப்படியும் திருப்பிக் குறை தேடினார். அகப்படவில்லை.

"அக்கா, உங்க முடிவுதான்" என்றார் அஃப்ரீன் மெல்ல. "இன்னும் மூணு மாசம் வேணும்னாலும் சொல்லுங்க. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

சுரேந்தர் சீப்பை இறுகப் பிடித்துக்கொண்டான். அக்கா கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"எதுக்கு மூணு மாசம்? பாஸ்! ஞாயித்துக்கிழமையே கூட்டிட்டுப் போகட்டும்" என்று ஃபாரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

சுரேந்தர் பொம்மைத் தலையைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளையாகக் குதித்தான். "தேங்க்ஸ் அக்கா! தினமும் இதே மாதிரி நேரா பின்னி விடுவேன், சத்தியமா!"

"ஸ்கூல் நாள்ல பின்னுங்க, தம்பி." அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். "சனிக்கிழமை மட்டும் தலை சீவாம எங்க வீட்டுக்கு அனுப்பி வைங்க. நாலு வருஷமா அவளுக்குப் பின்னின கை, சும்மா இருக்காது."