சீரியல் நேரத்தில் நிற்கும் நெட்

"மறுபடியும் நின்னுடுச்சு!"

ஹாலிலிருந்து மாமனாரின் குரல். அடுப்பில் இருந்த பாலை இறக்கிவைத்துவிட்டு மருமகள் எட்டிப் பார்த்தாள். டிவியில் கதாநாயகி, வில்லியின் கன்னத்துக்கு நேராகக் கையை ஓங்கியபடி அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன நெட்டோ, என்ன கண்றாவியோ! பழைய டிஷ்ஷாவது மழை பெஞ்சாதான் மக்கர் பண்ணும். இது தினம் பண்ணுது."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். கதாநாயகியின் கை இறங்கியது. பளார்!

"ஆங், வந்துடுச்சு" என்றார் மாமனார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? ஃபைபர் கனெக்ஷன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கியவளே அவள்தான். வீட்டில் நல்ல நெட் இருந்தால் வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கலாம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் பழையபடி இரண்டு பஸ் மாறி ஓட வேண்டும். பகலெல்லாம் அவள் கம்ப்யூட்டரில் நிற்காமல் ஓடுகிற நெட், சாயங்காலம் இந்த மனுஷன் சீரியல் பார்க்க உட்கார்ந்தால் மட்டும் நிற்கிறதாம்!

"உங்கப்பா வேணும்னேதான் சொல்றாருங்க" என்று கணவனிடம் குமுறினாள். "நான் வீட்டுல உக்காந்து சம்பாதிக்கிறது அவர் கண்ணை உறுத்துது. அத்தை போனதுக்கப்புறம் குறை சொல்ல ஆள் வேணும்ல? நான் ஒருத்தி இளிச்சவாச்சி கிடைச்சேன்."

அவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவருக்கு இருக்கறதே அந்த ஒரு பொழுதுபோக்கு. இன்னொரு தடவை ஆளைக் கூப்பிட்டுப் பாப்போம். சரி வரலைன்னா இதைக் கழட்டிட்டு டிஷ்ஷையே மாட்டிடலாம்."

"அப்ப என் வேலை?"

அவன் செல்போனில் கனெக்ஷன்காரரின் நம்பரைத் தேட ஆரம்பித்தான்.

மறுநாள் சாயங்காலம் கனெக்ஷன்காரர் வந்தார். இதே புகாருக்காக ஏற்கெனவே வந்து போனவர். முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தார், வயரைப் பிடுங்கிச் செருகினார், செல்போனில் வேகத்தைச் சோதித்தார்.

"எல்லாம் பக்காவா இருக்கு சார். இதுக்கு மேல நான் என்ன பண்றது? பாயைப் போட்டு இது பக்கத்துலயே படுத்துக்கட்டுமா?"

டிவியில் சீரியல் ஆரம்பித்தது. காணாமல்போன தங்கை வாசலில் வந்து நிற்கிறாள். அக்கா கதவைத் திறக்கப் போகிறாள். சரியாக அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. மருமகள் எழுந்து உள்ளே ஓடினாள்.

"நின்னுடுச்சு!" என்றார் மாமனார். சொன்ன பிறகுதான் கனெக்ஷன்காரர் அங்கே இருப்பதே அவருக்கு ஞாபகம் வந்ததுபோல முழித்தார்.

"பாத்தீங்களா, இதைத்தான் சொன்னேன்!" மகன் பொறுமை இழந்தான். "போதும்ங்க. எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க."

சமையலறையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. கனெக்ஷன்காரர் விட்டது தொல்லை என்று வயரில் கை வைத்தார்.

"ஐயையோ, வேண்டாம்! அதைத் தொடாதீங்க!" பதறி எழுந்தார் பெரியவர். சோபா மெத்தைக்கு அடியிலிருந்து ரிமோட்டை வெளியே எடுத்தார். "நெட்டு மேல தப்பில்ல. நான்தான் நிறுத்தினேன். தினமும் நான்தான் நிறுத்தறேன்."

மருமகள் கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்றாள். "எனக்கு அப்பவே தெரியும். ஏன் மாமா, நான் வேலை பாக்கறது உங்களுக்கு அவ்வளவு கசக்குதா?" குரல் உடைந்துவிட்டது.

"அதில்லம்மா…" பெரியவர் தடுமாறினார். "நல்ல கட்டம் வர்றப்பதான் நீ எழுந்து எழுந்து உள்ள ஓடறே. திரும்பி வந்து, 'என்ன ஆச்சு, என்ன ஆச்சு'ன்னு கேக்கறே. இந்த டிவியில நிறுத்தி வைக்கலாம்னு நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்தே? அதான், நீ வர்ற வரைக்கும் நிறுத்தி வச்சேன்."

"அதை என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே மாமா?"

"சொன்னா விடுவியா நீ? 'எனக்காகக் காத்திருக்காதீங்க, நீங்க பாருங்க'ம்பே. நெட்டு நின்னுடுச்சுன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதே!"

கனெக்ஷன்காரர் சிரிப்பை அடக்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அவசரப்பட்டு என்னென்னவோ பேசிட்டேன் மாமா."

"விடும்மா. உங்க அத்தையும் உன்னை மாதிரிதான். இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து கதையைக் காதாலதான் கேட்டா. ஒண்ணையாவது முழுசா உக்காந்து பாத்தாளான்னா, இல்ல."

"அம்மா பாவம்" என்றான் மகன். "அப்பல்லாம் இப்படி நிறுத்தி வைக்கிற வசதி ஏதுப்பா?"

பெரியவர் கையிலிருந்த ரிமோட்டைச் சோபாவில் வைத்தார்.

"வசதியெல்லாம் இருந்துச்சுடா. நான் எழுந்து போய் அடுப்பைப் பாத்திருக்கலாம்."

உள்ளே அடுத்த விசில் அடித்தது. மருமகள் திரும்பினாள். அதற்குள் மகன் செல்போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

"நீ உக்காரு. எத்தனை விசில்ல அணைக்கணும்னு மட்டும் சொல்லு."

அதற்கப்புறம் அந்த வீட்டில் நெட் நின்றதாகப் புகாரே இல்லை.