நடுவில் ஒரு வெள்ளைக் கோடு

இடைவெளியைப் பூஜ்யம் என்று எழுதிய பிறகும் இரண்டு புலிகளுக்கும் நடுவே அந்த வெள்ளைக் கோடு போகவில்லை.

இரண்டு புலிப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் பைத்தான் நிரலை நோர்லிடா கணினியில் மறுபடி ஓட்டினாள். கோடு அசைந்து கொடுக்கவில்லை.

நாளை பெருநாள். கிரிக் ஊர்ப் புலி ஆய்வுக்கூடத்தில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. எல்லோரும் காலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அவளுக்கும் ஊர் என்று ஒன்று இருந்தது, அம்மா இருந்த வரைக்கும்.

கூடத்தின் தலைவி டாக்டர் ஸுபைடா தன் ஊரான கோத்தா பாருவிலிருந்து போன் செய்து சொல்லியிருந்தார். வனத்துறைக்குப் போகும் அறிக்கையில் ஆவான், சூரி என்ற இரண்டு புலிகளும் ஒட்டி நிற்க வேண்டும், பார்த்ததும் ஜோடி என்று தெரிய வேண்டும். ஜோடி என்றால் குட்டி போடும் என்று காட்டிலேயே விட்டுவைப்பார்கள். ஒற்றை என்றால் பிடித்துக்கொண்டு போய்க் கூண்டில் வைத்துக் காப்பாற்றுவார்கள்.

ஓடைக்கரையில் இரண்டு மரங்களில் இரண்டு கேமராக்கள். ஒன்றில் எப்போதும் புலியின் வலப்பக்கம்தான் விழும், மற்றதில் இடப்பக்கம்தான். புலியின் ஒரு பக்கத்து வரிகள் மறுபக்கத்தில் அதே மாதிரி இருக்காது. வரி வேறு என்பதால் புலியும் இரண்டு என்று எண்ணி வலப்பக்கத்துக்கு ஆவான் என்று பெயர் வைத்தார்கள், இடப்பக்கத்துக்குச் சூரி. ஒல்லியாகத் தெரிந்ததால் சூரி பெண் என்று முடிவாயிற்று. பெண் பார்க்காமலே கல்யாணத்தை நிச்சயம் பண்ணிவிட்டார்கள்.

மூன்று வருடமாகக் கூடம் முழுக்கக் குட்டிக்காகக் காத்திருந்தது.

படத்தை இழுத்து நிரப்பச் சொன்னாள். கோடு மறைந்தது, புலிகள் எருமை மாதிரி அகன்றுபோயின. சீ என்று அழித்தாள்.

அப்புறம்தான் புரிந்தது. படம் தன் அளவை விட்டுக்கொடுக்காது. தாள்தான் அகலம் அதிகம். மிஞ்சிய இடமெல்லாம் நடுவில் வந்து விழுகிறது. இரண்டு படங்களும் சரியாக அடங்கும்படி தாளின் அளவைக் குறைத்தாள்.

கோடு போய்விட்டது.

இடது படத்தின் ஓரத்தில் ஆவானின் பாதி முகம். வலது படத்தின் ஓரத்தில் சூரியின் பாதி முகம். தனித்தனியாகவே பார்த்துப் பழகிய படங்கள் முதல் தடவையாக ஒட்டி நின்றன.

ஆவானின் நெற்றியில் தொடங்கிய கறுப்பு வளைவு சூரியின் நெற்றியில் போய் முடிந்தது. அவன் மூக்கில் பாதியில் நின்ற பழைய கீறல் அவள் மூக்கில் மீதியாக இறங்கியது.

ஒரே முகம்.

கோட்டைத் திரும்பப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. விரல் விசையில் இருந்தது. ஆனால் இனி இரண்டு படம் என்று பார்க்க அவள் கண்ணுக்கே வரவில்லை.

போனை எடுத்தாள். அந்தப் பக்கம் பிள்ளைகளின் கூச்சல், பாத்திரச் சத்தம்.

"டாக்டர், காட்டுல ரெண்டு இல்ல. ஒண்ணுதான் இருக்கு."

டாக்டர் வாசலுக்கு எழுந்து போயிருக்க வேண்டும், சத்தமெல்லாம் அடங்கியது. குரல் உடைந்து வந்தது.

"எது செத்துப்போச்சும்மா? சூரியா?"

செத்திருந்தால்கூடத் தேவலை, ஒரு காலத்தில் அதற்குத் துணை இருந்தது என்றாவது ஆகியிருக்கும் என்று நினைத்தாள் நோர்லிடா.