நியூட்ரலில் நிற்கும் கார்

இன்றைக்கும் காரைத் தள்ளிப் பார்த்தான்.

நகர்ந்தது.

பின்னால் போய்த் தள்ளி, பழைய இடத்துக்கே கொண்டுவந்தான். அப்போதும் நகர்ந்தது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை.

இதற்காகவே மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வருகிறான். பால் வாங்கப் போவதாக மனைவியிடம் சொல்வான். பால் அப்போதே காய்ச்சியாகிவிட்டது என்று அவளும் சொல்வதில்லை.

அவன் காருக்கு முன்னால், சுவரை ஒட்டி, கீழ்வீட்டு எத்திராஜின் கார். பதினாறு நாளாக அங்கேயே நிற்கிறது.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து பில்டர் கொடுத்த இடம் ஒரே ஒரு நீளச் சந்து, கோடியில் சுவர். இரண்டு கார் தாராளமாக நிற்கும் என்றார் பில்டர். நிற்கும்தான். ஒன்றன் பின் ஒன்றாக.

முதலில் வருபவர் சுவரோரம் விட வேண்டும். அடுத்து வருபவர் பின்னால் விட்டு, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போடாமல் போக வேண்டும். முன்னால் இருப்பவருக்கு அவசரம் என்றால் பின்னால் நிற்பதைத் தெருவுக்குத் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். தரை சமம். ஒரு கை போதும்.

ஐந்து வருடமாக இப்படித்தான். சண்டை இல்லை, சங்கக் கூட்டத்தில் புகார் இல்லை.

அவசரம் எப்போதும் எத்திராஜுக்குத்தான். கல்யாணம் ஆகாதவர். பூந்தமல்லியில் ஒரே அக்கா. தாய் இல்லாத அவரைத் தூக்கி வளர்த்தவள். அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது என்று போன் வந்தால், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவருவார். அவன் காரைத் தள்ளிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் மறக்காமல் நன்றி சொல்வார்.

பதினாறு நாளுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முகூர்த்த நாள்.

முதல் நாள்தான் அவன் ஏற்காட்டிலிருந்து திரும்பியிருந்தான். நான்கு நாள் மலையில் ஓட்டிய கை. சரிவில் நிறுத்தினால் முதல் கியரில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்க வேண்டும். கை அதைப் பழகிவிட்டது.

வீட்டுக்கு வந்தும் கை அதையே செய்தது.

மறுநாள் குடும்பத்தோடு மின்சார ரயிலில் தாம்பரத்துக்குக் கல்யாணத்துக்குப் போனான். சாவி அவன் பையில். மேளச் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை.

பந்தியில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தான். பதினோரு அழைப்புகள்.

பதறிப்போய்க் கூப்பிட்டான். ஆட்டோ கிடைத்துவிட்டது, பரவாயில்லை, நீங்கள் சாப்பிடுங்கள் என்றார் எத்திராஜ்.

அவனும் சாப்பிட்டான். பாயசம் இரண்டு தடவை.

முகூர்த்த நாளில் அந்த ஆட்டோ கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது என்று வாட்ச்மேன் பிறகு சொன்னார். அதற்கு முன்னால் அவரும் எத்திராஜும் இஸ்திரிக்காரரும் சேர்ந்து தள்ளியிருக்கிறார்கள். கார் அசையவில்லை. எத்திராஜ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. தம்பி வந்துவிட்டானா என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

மலைப்பாதையின் தூசி பானட்டில் அப்படியே இருந்தது. தூசியில் ஆறு கைகள் பதிந்திருந்தன.

அவன் காரைக் கழுவவில்லை.

சாவுக்குப் போனான். கூட்டத்தில் ஓரமாக நின்றான். எத்திராஜ் அவனைப் பார்த்துக் கும்பிட்டார், எல்லோரையும் கும்பிட்டது போலவே. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டையைப் பிடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்கலாம்தான். என்னவென்று கேட்பது? கியரில் விட்டதற்கா?

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

எத்திராஜ் இறங்கினார். மொட்டைத் தலையில் இரண்டு வார முடி. கையில் ஒரு துணிப்பை. காரியமெல்லாம் முடிந்து இன்றைக்குத்தான் வருகிறார்.

பதினாறு நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. ஓடிப்போய்க் காரில் ஏறினான். ஸ்டார்ட் செய்து, பின்னால் எடுத்து, தெருவில் கொண்டுபோய் நிறுத்தினான்.

கண்ணாடியை இறக்கினான். காலையோ மாலையோ, முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும், இனிமேல் சுவரோரம் தன் கார்தான் நிற்கும் என்றான். எத்திராஜ் வெளிப்பக்கம் விட்டுக்கொள்ளலாம், அவர் காரை இனி யாரும் மறிக்க மாட்டார்கள் என்றான்.

எத்திராஜ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. அவன் தேடித் தேடிப் பார்த்தான். கொஞ்சம்கூட இல்லை.

"வேணாம் தம்பி. செவுத்துப் பக்கம் நானே வுட்டுக்கறேன். அவசரமா கெளம்ப இனிமே எனக்கு யாரு கீறா?"

பையைத் தரையில் வைத்தார். சந்துக்குள் நடந்து, தன் காரின் பின்னால் போய் நின்றார். அவன் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் தூக்கினார். வரலாம், வரலாம் என்று சைகை காட்டினார்.

அவன் மெல்ல உள்ளே வந்தான். இன்னும் ஓரடி பாக்கி.

எத்திராஜ் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அவனால் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியவில்லை.