செத்தவன் பேசுவானா?

மலை மேல ஒரு ரோஜாச் செடிங்க. குளிர்காலம் முடிஞ்சுதுன்னு நம்பித் துளிர் விட்டுச்சு. பங்குனியில திடீர்னு ஒரு உறைபனி வந்து, செடியவே கருக்கிட்டுப் போயிருச்சு.

மறுநாள் செடி வெட்டுற கத்தரி வந்துச்சு. "கருகினதை வெட்டினாத்தான் மிச்சம் பொழைக்கும்"னு சொல்லிக்கிட்டே உள்ள பச்சை இருக்கான்னு உச்சாணிக் கிளையைச் சுரண்டிப் பாத்துச்சு. உள்ள வரைக்கும் ஒரே கருப்பு.

"அண்ணே, நீங்க செத்துட்டீங்க."

"யாருடா செத்தது? செத்தவன் இப்படிப் பேசுவானா?"ன்னு கிளை எகிறுச்சு. "போன வருசம் கல்யாண மாலைக்கே நான்தான்டா பூ குடுத்தேன்!"

கத்தரிக்குத் தலை சுத்திருச்சு. "அதானே! மன்னிச்சுக்குங்கண்ணே." இனிமே யாரையும் சுரண்டக் கூடாது, கேட்டே தெரிஞ்சுக்கணும்னு முடிவு பண்ணுச்சு.

அடியில ஒரு துளிர், பச்சைப்பசேல்னு. அந்தச் செடியில மிச்சம் இருந்த உசுரே அது ஒண்ணுதான். காலையிலதான் மொளைச்சுது, இன்னும் பேச்சு வரல.

"தம்பி, உசுரோட இருக்கியா?"

மூணு தடவை கேட்டும் பதில் இல்ல.

"ஐயோ, போயிட்டியேடா"ன்னு கத்தரி கண்ணைத் தொடச்சுக்கிட்டு நறுக்குன்னு வெட்டிருச்சு.

உச்சாணிக் கிளை தொண்டையைச் செருமிக்கிட்டு இரங்கல் கூட்டத்தை ஆரம்பிச்சுது: "ரொம்ப நல்ல பையன்ங்க. ஒரு வார்த்தை அதிகமாப் பேச மாட்டான்."