ஒரே இடத்தில் வரும் சொல்

மொழிபெயர்ப்புக் குழுவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் எபிரேயச் சொல். வேதாகமத்தில் ஒரே இடத்தில்தான் வருகிறது, பொருள் உறுதியில்லை. வேதம் தெரியாத ஒருவர் காதால் கேட்டுச் சம்மதித்தால்தான் அச்சுக்குப் போகும். அந்த ஒருவன் நான்.

போதகர் அந்த வசனத்தின் ஒலிப்பதிவை ஓடவிட்டார்.

“அழிவு வருகிறது, அமைதியைத் தேடுவார்கள், கிடைக்காது” என்றது பெண்குரல்.

“சரிதானே தம்பி?”

“அழிவுன்னா வீடு இடியற மாதிரி இருக்கு, ஐயா. இன்னொரு தடவை போடுங்க.”

போட்டார். “உடம்பு ஒடுங்கிப்போறதுன்னும் சொல்றாங்க. ‘நடுக்கம்’னு வச்சிடலாமா?”

“குளிருக்குக்கூட நடுங்குவோமே. இன்னொரு தடவை.”

புதிதாக வந்த தட்டச்சுக்கார அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். “உங்களுக்குச் சொல் பாக்கிறதைவிடப் பொண்ணு பாக்கிறது சுலபம் போல. இது முடிஞ்சா ஆபீஸையே பூட்டிடலாம்.”

போதகர் சிரிக்கவில்லை. “பதிவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க தம்பி. உங்க மனைவி குரல்தானே.”

“வீட்ல கேட்டா செத்துப்போனவ குரல், ஐயா. இங்க கேட்டா அவ இன்னும் வேலைக்கு வந்துட்டிருக்கா.”

அக்காவின் கை அப்படியே நின்றது.

“பொருள் இன்னும் முடிவாகலைன்னு அடிச்சுக்கங்கம்மா” என்று அவரிடம் சொல்லிவிட்டு, போதகர் மறுபடி ஓடவிட்டார்.