கடைசியாகத் திறந்த நேரம்

"கையை எடுங்க மாப்பிள்ளை. ஃபைல் பட்டியல் எடுக்கற மேக்ரோ ஓடும்போது கீபோர்டைத் தொடக் கூடாது."

மனைவியின் அக்கா அப்படிச் சொன்னதும் அவன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். சவரம் செய்யாத முகம், குழி விழுந்த கண்கள். மனைவி காணாமல் போன நாளிலிருந்து மனுஷன் சரியாகத் தூங்கவே இல்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

"போலீஸ்ல கையை விரிச்சுட்டாங்கக்கா. நீங்கதான் ஆபீஸ்ல எக்செல்ல என்னென்னமோ பண்ணுவீங்களே. அவ ஃபைலை எல்லாம் எப்ப, யாரு திறந்தாங்கன்னு எடுத்துக் குடுங்க."

"யாருன்னு வராது. கடைசியா எப்பத் திறந்ததுன்னு மட்டும் வரும்."

"அது போதும். இந்தக் கம்ப்யூட்டர்ல அவ ஆன்லைன் அக்கவுண்டு திறந்தே கிடக்கு. வேற எங்கேயாவது திறக்கணும்னா, பாஸ்வேர்டு அவளுக்கு மட்டும்தான் தெரியும். எந்த ஊர்லேருந்தாவது போன்ல திறந்திருந்தாள்னா, உயிரோட இருக்காள்னு அர்த்தம்." அவன் குரல் உடைந்தது.

அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வை அறையைச் சுற்றியது. மடித்து வைத்த துணிகள், தூசி படியாத மேசை. படுக்கையறைக் கதவின் வெளிப்பக்கம் புதுத் தாழ்ப்பாள் ஒன்று பளபளத்தது.

திரையில் வரிசையாக ஃபைல் பெயர்களும் தேதிகளும் விழத் தொடங்கின. எல்லாம் பழைய தேதிகள். திடீரென்று நடுவில் ஒரு வரி: 'அம்மா தாலாட்டு'. பக்கத்தில் இன்றைய தேதி, காலை நேரம்.

அக்கா ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தாள். நல்லவேளையாக அவன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான்.

"மாப்பிள்ளை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி."

அவன் சமையலறைக்குள் போனதும் அந்த ஒரு வரியை அழித்தாள்.

"எதையோ அழிச்ச மாதிரி இருந்துச்சே?" தம்ளரோடு அவன் பின்னால் நின்றான். வந்த சத்தமே கேட்கவில்லை.

"காலி வரி. அதைத்தான் எடுத்தேன்."

அவன் குனிந்து, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினான்.

"எல்லாம் பழசு. அப்போ அவ உயிரோட இல்லையாக்கா?"

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இந்த மேக்ரோவை இங்கேயே விட்டுட்டுப் போங்க. தினமும் ஓட்டிப் பார்த்துக்கறேன்."

"எதுக்கு மாப்பிள்ளை வீணா மனசைப் போட்டு..."

"விட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன்."

தம்ளரை அவன் வைத்த வேகத்தில் தண்ணீர் மேசையெல்லாம் சிதறியது. நாளை முதல் திறக்கும் ஃபைல்களை மட்டும் காட்டும்படி மேக்ரோவை மாற்றிவைத்து, அக்கா விட்டுவிட்டு வந்தாள்.

தெருமுனை வரை நிதானமாக நடந்தாள். அதன் பிறகு நடை ஓட்டமானது. வந்த பேருந்தில் ஏறி, பாதி வழியில் இறங்கி, எதிர்த்திசைப் பேருந்தில் ஏறினாள். யாரும் பின்தொடரவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெண்கள் விடுதியின் படிகளில் கால் வைத்தாள்.

மாடியில், கடைசி அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்த போன் சட்டென்று நின்றது. கதவு ஒரு விரற்கடை திறந்தது. பயந்துபோன இரண்டு கண்கள்.

உள்ளே நுழைந்து கதவைச் சாத்திய அக்கா, தங்கையின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"இனிமே அம்மா குரலைக் கேக்காதடி, அவன் பார்த்துக்கிட்டே இருக்கான்."