ஐந்தாவது கேள்வி

"கேள்வித்தாள் உனக்கு முன்னாடியே எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டேன்.

முப்பத்தெட்டுத் தலைகளும் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பின.

அவள் எழுந்து நின்றாள். வகுப்பில் அவளுக்கு 'ஜன்னல்' என்று பெயர். பாடம் நடக்கிற நேரமெல்லாம் முகம் வெளியேதான் இருக்கும்.

வேறு ஊரிலிருந்து இந்த வருடம்தான் வந்து பத்தாம் வகுப்பில் சேர்ந்தவள். மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறாள். ஆங்கிலத்தில் இருபதுக்கு ஐந்து மதிப்பெண்ணைத் தாண்டியதே இல்லை.

இந்தத் தடவை பத்தொன்பது.

பத்தியை வாசித்துப் பதில் எழுதும் தேர்வு. பத்துக் கேள்விகள், அதன்பின் பத்து அருஞ்சொற்களுக்குப் பொருள். பத்தி பாடப்புத்தகத்தில் இல்லாததாக இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகவே ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து துண்டுகளை வெட்டி ஒரு ஃபைலில் சேர்த்து வைத்திருக்கிறேன். அதிலும் விபத்துச் செய்தி மாதிரி கேள்வி கேட்க வாட்டமானது வேறில்லை. எப்போது, எங்கே, எப்படி, ஏன் எல்லாம் தானாகவே வரிசையில் வந்து நிற்கும். ஊர் பேரையும் ஆள் பேரையும் எடுத்துவிட்டுத் தட்டச்சு செய்தால் வேலை முடிந்தது.

இந்த முறை, பாலத்துச் சுவரை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்த ஒரு லாரி. ஓட்டுநர் இறந்துபோனார். இரண்டு வருடத்துக்கு முந்தைய துண்டு.

'ஃபேட்டல்' என்ற சொல்லுக்கு வகுப்பில் பாதிப் பேர் 'குண்டான' என்று எழுதியிருந்தார்கள். ஆசிரியர் அறையில் அதை வாசித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். இவள் மட்டும் 'உயிரைப் பறித்த' என்று எழுதியிருந்தாள். பத்துச் சொல்லும் சரி.

வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவளுக்குப் பதினான்குதான். ஆகவே இவள் யாரையும் பார்த்து எழுதியிருக்க முடியாது. என் மேஜை இழுப்பறையில்தான் கை வைத்திருக்க வேண்டும்.

ஐந்தாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல் விட்டிருந்தாள். விபத்துக்கு என்ன காரணம்? பத்தியின் நடுவிலேயே விடை பளிச்சென்று கிடந்தது. ஓட்டுநர் தூங்கிவிட்டார், அவ்வளவுதான். பூஜ்யம் வாங்கிப் பழகியவன்கூட அதை எழுதியிருந்தான். சந்தேகம் வரக்கூடாதென்று இவள் வேண்டுமென்றே ஒன்றை விட்டிருக்கிறாள். பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். என் காதில் பூச்சுற்ற முடியுமா?

தலைமையாசிரியரிடம் கொண்டுபோனால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்கள். பொதுத்தேர்வும் போய்விடும். அது அவளுக்கும் தெரியும். மேல் உதட்டில் வியர்த்திருந்தது.

"நான் எடுக்கலை டீச்சர்."

"எடுக்கலையா? அப்போ தாளைப் பார்க்காம பத்தியில என்ன இருந்துச்சுன்னு சொல்லு பார்ப்போம்."

இரண்டு வரி உளறிவிட்டு அழுவாள், உண்மை வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன்.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். ஆங்கிலத்தில்.

பலகையில் எழுதிப் போட்டதையே எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள், ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. நான் கேள்வித்தாளை எடுத்து வரி வரியாக விரல் வைத்துக்கொண்டே போனேன். ஒரு சொல் பிசகவில்லை. காற்புள்ளி இருந்த இடத்தில் மூச்சு விட்டாள்.

முழுப் பத்தியும் மனப்பாடம். இதைவிட வேறு சாட்சி வேண்டாம், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

நடுவில் ஓரிடத்தில் நின்றாள். ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்ற வாக்கியம். அதைச் சொல்லாமலே அடுத்த வாக்கியத்துக்குப் போனாள்.

மீட்புப் படை, கிரேன், போக்குவரத்து நெரிசல் எல்லாம் ஒழுங்காக வந்தன. என் விரல் கடைசி முற்றுப்புள்ளியைத் தொட்டது.

அவள் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள்.

அது கேள்வித்தாளில் இல்லை. பத்தி நூற்றைம்பது வார்த்தையைத் தாண்டக்கூடாது என்பதால், தட்டச்சு செய்யும்போது நான் விட்டுவிட்ட வாக்கியம். பத்திரிகையில் மட்டும்தான் இருந்தது.

இறந்தவருக்கு மனைவியும், எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகளும் இருக்கிறார்கள்.

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள்.

அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் எத்தனை நாள் அகராதியைப் புரட்டியிருப்பாள்! கேள்வித்தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

வகுப்புக்கு ஒன்றும் புரியவில்லை. நம் ஜன்னல் இவ்வளவு சரளமாக ஆங்கிலம் பேசுகிறாளே என்று முன் பெஞ்சில் ஒருத்தி கை தட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.